ஸ்ட்ராபெரி விடும் சாறும் நான்கு இத்தாலிய இனிப்புகளும்

மூன்று வாரமாக, வாரத்துக்கு ஒன்றிரண்டு கிலோ ஸ்ட்ராபெரி வாங்கி, இத்தாலிய வீடுகளில் செய்கிற எளிய இனிப்புகளைச் செய்து பார்த்தேன். அடுப்பே வேண்டாத ஒன்றில் ஆரம்பித்து, கிரானிட்டா, பன்னா கோட்டா, கடைசியாக டிராமிசு என்று போனது. ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு முறை செய்தேன். முதல் முறை தப்பிப்போனதற்கெல்லாம் காரணம் தேடிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது: பழத்தின் தண்ணீர். ஸ்ட்ராபெரியின் எடையில் 90 சதவீதம் தண்ணீர்தான். அதை எப்போது வெளியே வரவிடுவது, வந்ததை எங்கே சேர்ப்பது என்பது பிடிபட்டுவிட்டால் மீதி வேலை சுலபம். நோட்டில் குறித்து வைத்ததைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பழம்

வாழைப்பழத்தைக் காயாக வாங்கி வைத்தால் வீட்டில் கனிந்துவிடும். ஸ்ட்ராபெரி அப்படியில்லை. செடியில் இருக்கும்போது ஏறிய இனிப்பு எவ்வளவோ அவ்வளவுதான்; பறித்த பிறகு நாலு நாள் வைத்திருந்தாலும் கூடாது, வாடத்தான் செய்யும். அதனால் வாங்கும்போது நிறத்தைவிட மூக்கை நம்புவது நல்லது. பெட்டியைத் திறந்ததும் வாசனை வரவேண்டும். முதல் வாரம் வாங்கியவை பெரிதாக, பளபளப்பாக இருந்தன, வாசனை இல்லை. எவ்வளவு சர்க்கரை போட்டும் அவற்றில் ருசி ஏறவில்லை. அடுத்த வாரம் சின்னப் பழமாக, காம்பு வரை சிவந்ததாகப் பார்த்து எடுத்தேன். வித்தியாசம் முதல் கடியிலேயே தெரிந்தது.

கழுவும்போது காம்பைக் கிள்ளக் கூடாது. காம்பு போன குழி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். ஏற்கனவே தண்ணீரோடு போராடப் போகிறோம், இன்னும் கொஞ்சம் சேர்ப்பானேன்? காம்போடு ஓடும் தண்ணீரில் காட்டி, துணியில் பரப்பி, ஈரம் போன பிறகுதான் காம்பை எடுத்தேன்.

இன்று கடையில் கிடைக்கிற பெரிய ஸ்ட்ராபெரி, வட அமெரிக்க இனமும் சிலி நாட்டு இனமும் கலந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவானது. அதற்கு முன்பு அங்கே இருந்தது சுண்டுவிரல் நுனி அளவுள்ள காட்டு ஸ்ட்ராபெரி. ரோமுக்குத் தெற்கே, ஏரியைப் பார்த்தபடி மலைச்சரிவில் நேமி என்று ஒரு சின்ன ஊர். அந்தக் குட்டிப் பழத்துக்குப் பேர்போன ஊர் அது. ஜூன் மாதம் ஸ்ட்ராபெரித் திருவிழாவே நடக்கும். 'ஃப்ராகோலா' என்ற பெயரைச் செல்லமாக்கி 'ஃப்ராகோலினே' என்கிறார்கள். அந்தப் பழத்தை வைத்து இவர்கள் பெரிய சமையல் எதுவும் செய்வதில்லை. சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, சில சமயம் மேலே கொஞ்சம் க்ரீம். நானும் அங்கிருந்தே ஆரம்பித்தேன்.

சர்க்கரையும் எலுமிச்சையும்

அரைக் கிலோ பழம், 50 கிராம் சர்க்கரை, அரை எலுமிச்சை. இவ்வளவுதான். ஆனால் இந்தக் கிண்ணத்தின் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில்தான் மற்ற எல்லாமே எனக்கு விளங்கியது.

பழத்தை நான்காக நறுக்கி, சர்க்கரையைத் தூவி, ஒரே ஒரு முறை புரட்டி வைத்தேன். முதலில் சர்க்கரை வெள்ளையாக, உதிரியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் வெட்டிய முகம் மினுங்க ஆரம்பிக்கிறது. பத்து நிமிடத்தில் வெள்ளை மறைந்து, பழத்தின் மேல் கண்ணாடி பூசியது மாதிரி ஒரு படலம். இருபதாவது நிமிடம் கிண்ணத்தைச் சாய்த்தால் அடியில் ஒரு தேக்கரண்டி சிவப்புச் சாறு ஓடி வருகிறது. ஒரு மணி நேரம் கழித்து வடிகட்டி அளந்தேன்: 90 மில்லி. சர்க்கரை வெளியே இருந்து பழத்தின் உள்ளே இருக்கிற தண்ணீரை இழுக்கிறது. அந்தத் தண்ணீர் நிறத்தையும் வாசனையையும் தன்னோடு கூட்டிக்கொண்டு வருகிறது. அடுப்பில் வைக்காமல், பச்சை வாசனை கெடாமல், பழம் தானே செய்துகொள்கிற பாகு இது.

இரண்டு மணி நேரம் விட்டுப் பார்த்தேன். சாறு இன்னும் வந்தது, ஆனால் பழம் தொய்ந்துவிட்டது. கடித்தால் எதிர்ப்பு இல்லை. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் விட்டதோ துணி மாதிரி ஆகிவிட்டது. அப்படியே சாப்பிடுவதற்கு முப்பது நாற்பது நிமிடம்தான் சரி. சாறுதான் முக்கியம், பழம் எப்படியும் அரைபடப் போகிறது என்றால் இரண்டு மணி நேரம் விடலாம்.

எலுமிச்சையைச் சர்க்கரையோடு சேர்த்தே பிழிந்துவிடலாம். புளிப்பு இருக்கும்போது இந்தச் சிவப்பு நன்றாகத் துலங்கும். புளிப்பு குறையக் குறைய மங்கி ஊதாப் பக்கம் போகும். பின்னால் க்ரீமில் சேர்க்கும்போது இதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

இதிலேயே இன்னொரு வகை உண்டு: பால்சாமிக் வினிகர் சேர்ப்பது. மோதெனா நகரத்தின் பாரம்பரிய பால்சாமிக், திராட்சைச் சாற்றை மட்டும் காய்ச்சிச் சுண்டவைத்து, மரப்பீப்பாய்களில் குறைந்தது 12 வருடம் முதிரவிட்டு எடுப்பது. 25 வருடம் தாண்டியதற்குத் தனிப் பெயர், 'எக்ஸ்ட்ராவெக்கியோ'. 100 மில்லி குப்பியில்தான் வரும், சொட்டுக் கணக்கில் விடுவார்கள். என்னிடம் இருந்தது அது இல்லை. திராட்சைச் சாறும் ஒயின் வினிகரும் கலந்த, தினசரி சாலட்டுக்குப் போடுகிற சாதாரண ரகம். அதை அப்படியே ஊற்றினால் புளிப்பு முன்னால் வந்து நிற்கிறது. 100 மில்லியைச் சின்னத் தீயில் வைத்து 40 மில்லியாகும் வரை சுண்டவிட்டேன். ஆறியதும் தேன் பதத்துக்கு வந்தது. சுண்டும்போது ஆவி மூக்கைத் துளைக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இங்கே ஒரு தப்பு செய்தேன். சர்க்கரையோடு சேர்த்து இதையும் முன்கூட்டியே ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டேன். பழம் பழுப்பேறி, சோர்ந்துபோன மாதிரி ஆகிவிட்டது. ருசியில் குறையில்லை, ஆனால் தட்டில் வைக்க மனம் வரவில்லை. மறுமுறை பரிமாறுகிற நேரத்தில் அரைத் தேக்கரண்டி மட்டும் மேலே கோடாக விட்டேன். கொஞ்சம் மிளகுத்தூள். இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கிரானிட்டா

கிரானிட்டா என்பது உறையவைத்துச் சுரண்டி எடுக்கிற பனித்துகள் இனிப்பு. சிசிலியில் இதைக் காலைச் சாப்பாடாகச் சாப்பிடுவார்கள், பக்கத்தில் ஒரு மிருதுவான பிரியோஷ் ரொட்டியோடு. ஃப்ரீசர் இல்லாத காலத்தில் எட்னா எரிமலையின் பனியைக் குளிர்காலத்தில் சேகரித்து, குழிகளில் மூடிவைத்து, கோடையில் கீழே கொண்டுவருவார்களாம். அந்தத் தொழில் செய்தவர்களுக்கு 'நெவரோலி' என்று பெயர்.

சேர்மானம்: அரைக் கிலோ ஸ்ட்ராபெரி, 120 கிராம் சர்க்கரை, 150 மில்லி தண்ணீர், ஒரு சின்ன எலுமிச்சையின் சாறு. சர்க்கரையைத் தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து, முழுக்க ஆறவிட்டு, அரைத்த பழத்தோடு கலக்க வேண்டும். பழத்தை வேகவைக்கக் கூடாது. வெந்தால் ஜாம் வாசனை வந்துவிடும். விதைகள் பல்லில் பட்டால் பிடிக்காது என்பவர்கள் வடிகட்டிக்கொள்ளலாம். தாவரவியல் கணக்கில் அந்த விதை போன்றவைதான் உண்மையான கனிகள், சிவப்புச் சதை என்பது பூவின் அடித்தண்டு பருத்து வந்தது. நான் பாதியை வடிகட்டினேன், பாதியை அப்படியே விட்டேன்.

முதல் முறை இனிப்பு குறைவாக இருக்கட்டும் என்று 40 கிராம் சர்க்கரைதான் போட்டேன். நாலு மணி நேரத்தில் தட்டில் இருந்தது செங்கல். முள்கரண்டி வழுக்கியது. சர்க்கரை இங்கே இனிப்புக்கு மட்டும் இல்லை. தண்ணீர் முழுவதும் ஒரே கட்டியாக உறையாமல் தடுப்பதும் அதுதான். உறையாமல் மிச்சமிருக்கிற அந்தக் கொஞ்சம் பாகு பனித்துகள்களுக்கு நடுவே இருப்பதால்தான் கிரானிட்டா கரண்டிக்கு இடம் கொடுக்கிறது. அதற்காக அளவுக்கு மீறிப் போட்டால் உறையவே உறையாது. இந்த 120 கிராம் எனக்குச் சரியாக வந்தது.

அகலமான உலோகத் தட்டில் விரல் உயரத்துக்கு ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். நாற்பது நிமிடத்தில் ஓரங்கள் மட்டும் உறைந்திருந்தன. முள்கரண்டியால் ஓரத்தைச் சுரண்டி நடுவுக்குத் தள்ளினேன். அப்புறம் அரை மணிக்கு ஒரு தரம். இரண்டாவது தரம் சுரண்டும்போது ஈர மணல் மாதிரி இருந்தது. நான்காவது தரம் சத்தம் மாறியது. சரசர என்று உதிர்ந்தது. ஆறாவது தரம் தட்டு நிறையச் சின்னச் சின்னச் சிவப்புத் துகள்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. மொத்தம் மூன்றரை மணி நேரம். நடுவில் ஒரு தரம் தவறவிட்டாலும் குடிமுழுகிவிடாது, கட்டியை உடைத்துவிட்டுத் தொடரலாம்.

பன்னா கோட்டா

பெயருக்கு அர்த்தம் 'வேகவைத்த க்ரீம்'. வட இத்தாலியின் பியெமோந்தே பகுதியோடு சேர்த்துச் சொல்லப்படுவது. 400 மில்லி க்ரீம், 100 மில்லி பால், 60 கிராம் சர்க்கரை, 5 கிராம் ஜெலட்டின். ஜெலட்டினைக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, சூடான க்ரீமில் கரைக்க வேண்டும். க்ரீம் கொதிக்க வேண்டியதில்லை, ஓரத்தில் ஆவி எழுந்து சர்க்கரை கரைந்தால் போதும். ஜெலட்டினைப் போட்டுக் கொதிக்கவிட்டால் அதன் பிடிப்பு குறைந்துவிடும்.

முதல் முறை பயந்துகொண்டு 10 கிராம் போட்டேன். கவிழ்த்ததும் நிமிர்ந்து நின்றது, தட்டை ஆட்டினால் அசையவே இல்லை. வாயில் ரப்பர். பன்னா கோட்டா என்றால் தட்டை மேசையில் வைக்கும்போது ஒரு நடுக்கம் வரவேண்டும். 5 கிராமில், ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்த பிறகு, அந்த நடுக்கம் வந்தது. நாலு மணி நேரத்தில் எடுத்தால் இந்த அளவு போதாது. ஜெலட்டின் அடுத்த நாள் வரை மெல்ல இறுகிக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டில் ஜெலட்டின் சேர்க்காதவர்கள் உண்டு. அவர்களுக்காக அகர் அகர், அதாவது கடல்பாசி, வைத்துத் தனியாகச் செய்தேன். இதற்குக் குணமே வேறு. பாலில் தூவி இரண்டு நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கரையாது. ஆறும்போது 40 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததுமே உறைந்துவிடும். முதல் தரம், கொதித்த பாலில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த க்ரீமை நேராக ஊற்றினேன்; அந்த இடத்திலேயே திரித்திரியாகக் கட்டிக்கொண்டது. க்ரீமையும் வெதுவெதுப்பாக்கி ஊற்றியபோது வழவழப்பாக வந்தது. அரை லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் பொடி, மட்டமாக எடுத்த அரைத் தேக்கரண்டி. ஜெலட்டின் வாயின் சூட்டில் கரையும், அகர் கரையாது, உடையும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்ட என் மகள், "அம்மா, இது உருகுது, அது உடையுது, ஆனா ரெண்டுமே நல்லா இருக்கு" என்றாள். அவள் சொன்னது சரிதான். அகரில் செய்ததை மட்டும் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். மறுநாள் கிண்ணத்தில் தண்ணீர் விட்டிருந்தது.

ஸ்ட்ராபெரியை எங்கே சேர்ப்பது என்பதுதான் கேள்வி. அரைத்த பழத்தைச் சூடான க்ரீமோடு கலந்து பார்த்தேன். பழத்தின் புளிப்பும் சூடும் சேர்ந்ததில் பால் திரிந்து பொடிப்பொடியாகப் பிரிந்தது. நிறமும் மங்கிய ஊதா. அது முழுக்க வீண். அப்புறம் பன்னா கோட்டாவை வெள்ளையாகவே விட்டுவிட்டு, சர்க்கரையில் ஊறிய பழத்தையும் அதன் சாற்றையும் பரிமாறும்போது மேலே போட்டேன். வெள்ளையின் மேல் சிவப்பு வழிந்து இறங்குவதைப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. சாறு குளிர்ந்திருக்க வேண்டும், வெதுவெதுப்பாக இருந்தால் ஜெலட்டின் மேல்பக்கம் கரைய ஆரம்பித்துவிடும்.

டிராமிசு

ட்ரெவீசோ நகரத்தின் 'லே பெக்கெரியே' உணவகத்தில் 1970 வாக்கில் பிறந்தது என்பார்கள். பக்கத்து ஃப்ரியூலி பகுதியும் தன்னுடையது என்று உரிமை கொண்டாடுகிறது. காப்பியில் நனைத்த சவோயார்டி (விரல் வடிவ, லேசான பிஸ்கட்), முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, மஸ்கார்போனே என்கிற மிருதுவான க்ரீம் சீஸ், மேலே கோகோ. ஸ்ட்ராபெரி வைத்துச் செய்யும்போது காப்பியும் கோகோவும் போய்விடும், காப்பியின் இடத்துக்குப் பழச்சாறு வரும்.

மஸ்கார்போனேவை வீட்டிலேயே செய்தேன். 35 சதவீதம் கொழுப்புள்ள க்ரீம் அரை லிட்டர். 85 டிகிரி வரை சூடாக்கி, 20 மில்லி எலுமிச்சைச் சாறு விட்டு, அதே சூட்டில் ஐந்து நிமிடம் கிளறினால் கரண்டியின் முதுகில் பூச்சு மாதிரி ஒட்டும். பால் திரிவது போலப் பிரியாது, கெட்டியாகும், அவ்வளவே. ஆறியதும் மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி. எனக்கு 360 கிராம் கிடைத்தது. முதலில் 25 சதவீதக் கொழுப்பு க்ரீமில் முயன்றேன், காலையிலும் கஞ்சியாகவே இருந்தது.

மூன்று மஞ்சள் கருவையும் 75 கிராம் சர்க்கரையையும், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் ஆவியில் கிண்ணத்தை வைத்து, கைவிடாமல் அடித்தேன். இத்தாலியர்கள் மார்சாலா ஒயின் விட்டுச் செய்கிற சபாயோனே என்ற முட்டை நுரை இனிப்புக்கும் இதே முறைதான். வெளுத்து, இரண்டு மடங்காக உப்பி, 72 டிகிரி வந்ததும் இறக்கி ஆறவிட்டேன். பச்சை முட்டை சாப்பிடுகிற பயம் இதில் இல்லை. இதில் மஸ்கார்போனேவைச் சேர்க்கும்போது ஒரு இடறல். பீட்டர் வைத்து வேகமாக அடித்தேன், ஒரே நிமிடத்தில் வெண்ணெய் திரண்ட மாதிரி குருணை குருணையாகிவிட்டது. நிறுத்திவிட்டு, வெந்நீர்க் கிண்ணத்தின் மேல் பத்து விநாடி காட்டி, கையால் மெதுவாகக் கலக்கியதில் பெரும்பாலும் சேர்ந்துகொண்டது. அடுத்த முறை கரண்டியால் மட்டும் கலந்தேன், இரண்டையும் அறைச் சூட்டுக்கு வரவிட்ட பிறகு. கடைசியில் நுரைக்க அடித்த க்ரீம் 200 மில்லி.

இனி அடுக்குவது. முதல் தட்டு குளமாகிவிட்டது. பச்சைப் பழத்தை நறுக்கி அடுக்குகளுக்கு நடுவே போட்டிருந்தேன். க்ரீமில் இருக்கிற சர்க்கரை ராத்திரி முழுக்க அந்தப் பழத்திலிருந்து தண்ணீரை இழுத்திருக்கிறது. கிண்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அதே வேலை, இங்கே மூடிய ஃப்ரிட்ஜுக்குள் நடந்திருக்கிறது. பிஸ்கட் கூழாகி, தட்டைச் சாய்த்தால் இளஞ்சிவப்பு நீர் ஓடியது.

அப்போதுதான் வரிசையை மாற்றினேன். பழத்தின் தண்ணீரை முன்னாலேயே எடுத்துவிடுவது. 700 கிராம் பழத்தை நறுக்கி 70 கிராம் சர்க்கரையில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அழுத்தாமல் வடித்தேன். சாற்றை மட்டும் அடுப்பில் வைத்து மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தேன், கொஞ்சம் கெட்டியானது. பிஸ்கட்டை நனைக்க இந்தச் சாறு. ஒரு பக்கம் ஒரு விநாடி, புரட்டி இன்னொரு விநாடி, உடனே தட்டுக்கு. வெளியே சிவந்து, உடைத்தால் நடுவில் வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். மீதியை ராத்திரி தானே குடித்துக்கொள்ளும். வடித்த பழம் நடு அடுக்குக்கு. மேலே வைக்கிற பழம் மட்டும் பச்சை, அதுவும் பரிமாறுவதற்கு முன்னால்தான்.

மறுநாள் கத்தி வைத்தபோது துண்டு சதுரமாக நின்றது. வெட்டிய பக்கத்தில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று கோடுகள் கலங்காமல் இருந்தன. தட்டின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிஸ்கட் ஸ்பாஞ்ச் மாதிரி மிருதுவாகி, கடித்தால் பழத்தின் வாசனை உள்ளேயிருந்து வந்தது.

சாறு 60 மில்லி மிச்சம். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்திருக்கிறேன், அடுத்த பன்னா கோட்டாவுக்கு.